கொட்டியாரக் கரையில் பதினொரு ஆண்டு கிடந்த எஞ்சின்

2006 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி, சம்பூர் இராணுவத்தின் வசமாகியது என்ற அறிவிப்பு வந்தபோது நான் செய்தி மேசையில் இருந்தேன். மறுநாள் பத்திரிகைக்கு வேண்டிய அனைத்தையும் எழுதினோம். திருகோணமலைத் துறைமுகத்திற்கு நேர் எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அவ்வூர் அமைந்திருப்பதன் கேந்திர முக்கியத்துவம், அங்கிருந்து துறைமுகத்தை எட்டக்கூடிய பீரங்கிகளின் வீச்சு, இடம்பெயர்ந்தோர் நிலை, சமாதானப் பேச்சின் எதிர்காலம் என்று ஒன்றும் விடுபடவில்லை. விடுபடவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். விடுபட்ட ஒன்றைப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 2017 மார்ச் மாதத்தில், அதே கரையில் ஒரு பழைய படகின் அடிவயிற்றில் கண்டேன். அதைப் பற்றியதே இக்குறிப்பு.

மீள்குடியேற்றம் எவ்வாறிருக்கின்றது என்று பார்க்கும் நோக்குடன்தான் அங்கு போயிருந்தேன். தற்காலிகக் கொட்டில்களையும் புதிதாக எழும் கல்வீடுகளையும் பார்த்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் வந்தபோது, பனைமரக் குற்றிகளின் மேல் நிமிர்த்தி வைத்திருந்த ஒரு மரப்படகைக் கண்டேன். சுற்றிலும் நின்றவை யாவும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறிய கண்ணாடியிழைப் படகுகள். இது வேறு இனம். எங்கள் இளமைக் காலத்தில் 'மூன்றரைத் தொன் வள்ளம்' என்று அழைக்கப்பட்ட, நடுவயிற்றில் டீசல் எஞ்சின் பூட்டிய, ஏறத்தாழ 28 அடி நீளமான படகு. பலகை இடுக்குகளில் புதிதாகப் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். எஞ்சின் கிடங்குக்குள் தலையை விட்டபடி மூதூரிலிருந்து வந்திருந்த ஒரு மெக்கானிக் கிடந்தார்.

"இது ஓடுமா?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் அவசரக் கேள்வி.

"ஓடுமா எண்டு இப்ப கேக்கக் கூடாது ஐயா. சுத்துமா எண்டுதான் கேக்கோணும்" என்றார் உள்ளே இருந்தவர்.

அந்தப் பதிலின் பொருள் விளங்க எனக்கு மூன்று நாட்கள் ஆயின. அதற்கு முன்னர் இப்படகு இங்கு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அதற்குக் கொட்டியாரத்தின் பழங்கதையிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

பழுதுபட்ட கலங்கள் ஒதுங்கும் குடா இது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டிக்கொள்வதற்காகவே கொட்டியாரத்திற்கு வந்தது. இங்குள்ள காட்டில் நல்ல மரம் கிடைக்கும் என்பது அக்கால மாலுமிகள் அறிந்த செய்தி. மரம் வெட்ட இறங்கியவர்கள் 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான இளைய ரொபர்ட் நொக்ஸ் 19 ஆண்டுகளுக்குப் பின்னர் தப்பிச் சென்று எழுதி 1681 இல் வெளியிட்ட நூலே, இத்தீவைப் பற்றி மேலைநாட்டார் பல தலைமுறைகளாகப் படித்து வந்தது. ஒரு கலத்தைத் திருத்த வந்தவர் இரு தசாப்தம் ஊர் திரும்ப முடியாது போனார் என்ற அளவில், அவர் கதை இக்கரையின் பிற்காலக் கதைக்கு அந்நியமானதன்று.

பாய்மரத்தின் இடத்தை மோட்டார் பிடித்தது மிக அண்மைக் காலத்தில்தான். தோணியும் வள்ளமும் கரைவலையுமாக இருந்த இலங்கையின் மீன்பிடியை இயந்திரமயப்படுத்தும் முயற்சி, ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1950களில் தொடங்கிற்று. அத்தசாப்தத்தின் இறுதியில் தவணைக் கடனில் மூன்றரைத் தொன் படகுகள் வழங்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் நைலோன் வலை வந்தது. 1964 இல் கடற்றொழில் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வடக்கே காரைநகரில் 1967 இல் நோர்வே உதவியுடன் தொடங்கிய சீநோர் படகுத்துறை, பின்னர் கண்ணாடியிழைப் படகுகளுக்குப் பெயர் பெற்றது. எஞ்சின் வந்ததும் கடற்றொழிலாளியின் கடல் அகன்றது. கரையோடு கிடந்தவன் ஆழ்கடலில் இரவு தங்கி, வழிவலை விட்டுச் சூரை பிடித்தான். கொட்டியாரக் குடாவிலோ ஆழம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று குடாவுக்குள்ளேயே புகுந்து கிடக்கின்றது.

டீசல் எஞ்சினுக்குக் கடற்றொழிலாளர் மத்தியில் மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் அதன் எளிமை. பெட்ரோல் எஞ்சினைப் போல் அதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் காற்றைப் பலமடங்கு அழுத்தினால் அது தானே கொதிநிலைக்கு மேல் சூடாகும். அச்சூட்டில் டீசலைப் புகாராகப் பீச்சினால் பற்றிக்கொள்ளும். ருடோல்ப் டீசல் 1897 இல் ஜேர்மனியின் ஓக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய முதல் எஞ்சின் ஆளுயரத்தை விடப் பெரியது. அதனை உழவனும் கடற்றொழிலாளியும் வாங்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கியவர்களுள் முதன்மையானவர், 1933 இல் ஜப்பானில் சிறிய டீசல் எஞ்சினை உருவாக்கிய யமஓக்கா மகோகிச்சி. அவரது நிறுவனமே 'யன்மார்'. அப்பெயர் ஒரு வகைப் பெருந்தும்பியின் ஜப்பானியப் பெயரிலிருந்து வந்தது. தும்பி பறந்தால் நல்ல விளைச்சல் என்பது அவர்களது நம்பிக்கை. சம்பூர்க் கரையில் நான் கண்டதும் இரண்டு சிலிண்டர் கொண்ட ஒரு யன்மார்தான். உப்புக் காற்றில் பெயின்ட் முழுவதும் உதிர்ந்து காவி நிறமாகியிருந்தது.

தீப்பொறி வேண்டாத எஞ்சின் ஈரத்துக்கு அஞ்சாது. மின்சுற்று நனைந்தாலும், கையால் சுழற்றித் தொடங்கக்கூடிய டீசல் தொடங்கும். அதன் பகை வேறு. கடல்நீரையே உறிஞ்சித் தன் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் எஞ்சின் அது. சிலிண்டரைச் சூழ்ந்த இரும்புச் சுவருக்குள் உப்புநீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் வரை கெடுதல் மெதுவாகவே நடக்கும். நிறுத்திய பின் அந்நீர் உள்ளேயே தங்கிவிட்டால்தான் ஆபத்து. ஆகவே படகைக் கரையேற்றி நீண்ட நாள் விடுபவர்கள் முதலில் நன்னீர் ஓட்டிக் கழுவுவார்கள். பின்னர் அடித் திருகைத் திறந்து நீரை முற்றாக வடிப்பார்கள். பழைய ஒயிலை மாற்றுவார்கள். சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டுக் கையால் சுற்றி வைப்பார்கள். புகைப்போக்கியின் வாயைத் துணியால் அடைப்பார்கள். இவ்வளவும் அரை நாள் வேலை. இவ்வாறு ஒழுங்காகப் படுக்கவைத்த எஞ்சின் பத்து ஆண்டு கழித்தும் எழுந்துகொள்ளும்.

இந்த எஞ்சினுக்கு அந்த அரை நாள் கிடைக்கவில்லை.

கிழக்குக் கரையில் வாடைக்காற்று ஓய்ந்து மார்ச்சில் கடல் அடங்கினால் தொழிற்காலம் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீடிக்கும். நாம் பேசும் பெரியவர் 2006 இல், பலகை வேலைக்காகத் தன் படகைக் குடாவின் எதிர்க்கரையில், திருகோணமலைப் பக்கத்து உறவினர் ஒருவரின் வளவில் ஏற்றியிருந்தார். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையில் அடிபட்ட படகு அது. தொண்டு நிறுவனங்கள் சிறிய கண்ணாடியிழைப் படகுகளைத் தாராளமாகவே கொடுத்தன. மரப்படகைத் திருத்தத்தான் உதவுவார் குறைவு. ஆகவே சொந்தச் செலவில் சிறிது சிறிதாக வேலை நடந்துகொண்டிருந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் வீட்டைப் பார்த்துவர ஊருக்குப் போனார். அடுத்த கிழமை படகை இறக்குவதாக ஏற்பாடு.

ஏப்ரல் 25 ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றும் மறுநாளும் மூதூர் கிழக்கின் மீது விமானக் குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் நிகழ்ந்தன. சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை மக்கள் ஊரைவிட்டு ஓடத் தொடங்கினர். ஜூலையில் மாவிலாறு மதகு மூடப்பட்டது. ஓகஸ்டில் மூதூர் நகரமே போர்க்களமாகி, அங்கிருந்த முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் அகதிகளாயினர். பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். சம்பூர் மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சென்று, அங்கிருந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். 2007 மே மாதம் அவர்களது ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.

"தண்ணியக் கழட்டிவிடல்ல ஐயா. ஒரு கிழமைதானே எண்டு நினைச்சன்" என்றார் பெரியவர்.

மூன்றாண்டு கழித்து ஒரு முறை போய்ப் பார்த்ததாகச் சொன்னார். இறக்குவதற்குக் கரையுமில்லை, கையில் காசுமில்லை. மேலே தகரம் இரண்டைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

இதற்கிடையில் அவரது ஊரைப் பற்றிய பேச்சு வேறு இடங்களில் நடந்தது. 2006 டிசெம்பரில் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும், பின்னர் சம்பூருக்கென வகுக்கப்பட்ட 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு உடன்பாடு செய்தன. பின்னர் 818 ஏக்கர் காணி கைத்தொழில் வலயத்துக்கு ஒதுக்கப்பட்டது. கடற்படைப் பயிற்சித் தளம் ஒன்றும் அமைந்தது. 2015 இல் ஆட்சி மாறிய பின் 818 ஏக்கர் மக்களுக்கு விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை இருந்த காணியும் கையளிக்கப்பட்டது. அவ்வாண்டே நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இவை யாவும் பத்திரிகைகளில் வந்தவை. சிலவற்றுக்குத் தலைப்பிட்டவன் நான். ஏக்கர்க் கணக்கும் மெகாவாட் கணக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையும் எங்கள் பக்கங்களில் தவறாது இடம்பெற்றன. ஒரு குடும்பம் எதைக்கொண்டு சோறு உண்டதோ அந்தப் பொருள் அப்போது எந்த நிலையில் எங்கே கிடந்தது என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

ஊர் திரும்பிய பின் பெரியவர் படகை எடுத்துவரப் போனார். முன்னர் மூதூருக்குத் தரைவழியே போவதாயின் இடையிடையே பாதையில் ஏறி ஆறு கடக்க வேண்டும். பெரும்பாலோர் குடாவைக் கடக்கும் மூதூர் லாஞ்சியையே நம்பியிருந்தனர். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும் அதன் பின்னர் மற்றப் பாலங்களும் திறந்தன. ஆகவே, கடல்வழியே போன படகு லொறியில் ஏறித் தரைவழியே ஊர் திரும்பியது.

இனி மூன்று நாள் வேலையைச் சொல்கிறேன். கிடந்த எஞ்சினை எழுப்ப நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, புதிய பற்றரியைக் கொடுத்துச் சாவியைத் திருப்புவது என்றார் மெக்கானிக். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். பலாத்காரமாகச் சுழற்றினால் வளையம் உடையும், சுவர் கீறும். மூடிய வால்வு சிக்கியிருந்தால் தள்ளுதண்டு வளையும். ஆகவே நான் போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே இரண்டு நொசில்களையும் கழற்றி, அத்துவாரங்களின் வழியே டீசலும் மெல்லிய ஒயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஊறவிட்டிருந்தார். ஊறிய எண்ணெய் துருவின் இடுக்குகளில் மெல்ல இறங்கும்.

முதல் நாள் நெம்புகோலைத் தூக்கி வால்வுகளைத் திறந்துவைத்து, பிலைவீலைக் கையால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பெரியவருக்கு முகம் வாடியது. பெரிய சுத்தியல் ஒன்றை எடுத்துவந்தார். "அவசரப்பட வேணாம் அண்ணன். இவ்வளவு காலம் கிடந்தது, இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்று மெக்கானிக் தடுத்தார். மறுபடியும் எண்ணெய் ஊற்றப்பட்டது. அன்று மாலை வரை எஞ்சினின் மற்ற உறுப்புகளைக் கவனித்தனர். அடியிலிருந்து வடித்த ஒயில் கறுப்பாகவே வந்தது. பால்நிறமாக வந்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதைக் கண்டு இருவரும் பெருமூச்சு விட்டனர். எரிபொருள் தொட்டியில் டீசல் கூழாகிக் கிடந்தது. டீசலுக்கு அடியில் தங்கும் நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து அவ்வாறு ஆக்கிவிடுமாம். தொட்டியைக் கழற்றிக் கழுவினர். பில்டர்கள் மாற்றப்பட்டன. கடல்நீரை உறிஞ்சும் பம்பைத் திறந்தபோது உள்ளிருந்த இறப்பர்ச் சிறகுகள் பிஸ்கட் போல் நொறுங்கின.

இரண்டாம் நாள் நீர்ச்சுவரின் மூடியைத் திறந்தனர். நான் மறக்க முடியாத காட்சி அதுவே. அரிப்பைத் தன்மேல் ஏற்று இரும்பைக் காக்கப் பூட்டும் துத்தநாகக் கட்டை இருந்த இடத்தில் வெறும் திருகு மட்டும் நின்றது. உள்ளே சிவந்த துரு, சுண்ணாம்புச் சுவரின் காரை போல் அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. 2006 ஏப்ரலில் உள்ளே நின்ற கொட்டியாரக் குடாவின் நீர், வற்றி உப்பாகி இரும்பை அரித்திருந்தது. கம்பியால் கிண்டக் கிண்ட வந்துகொண்டேயிருந்தது. ஒரு பழைய பால்மா டின் நிறைந்துவிட்டது. பெரியவர் அந்த டின்னையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு திருகு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே, "நாங்க வீட்டுக் கதவையே பூட்டாமத்தானே ஓடினம்" என்றார். அவரும் 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து ஓடியவர். திரும்பி வந்தபோது தன் பட்டறையில் ஒரு சாவிகூட மிச்சமிருக்கவில்லை என்றார்.

அன்று பின்னேரம் பிலைவீல் ஓர் அங்குலம் அசைந்தது. முன்னும் பின்னுமாக, அசைந்த அளவுக்கே அசைத்து, ஒரு மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று வந்தது. சுத்துமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

மூன்றாம் நாள் நொசில்களைத் திருகோணமலை நகரில் சோதிப்பித்துக் கொண்டுவந்தார்கள். டீசல் துளியாக ஒழுகக் கூடாது, புகாராகப் பீச்ச வேண்டும். பின்னர் எரிபொருள் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினார்கள். குழாயில் ஒரு குமிழி நின்றாலும் எஞ்சின் பற்றாது. ஓட்ட முன்னர் மெக்கானிக் இன்னொன்று செய்தார். நிறுத்தும் கைப்பிடி தடையின்றி அசைகின்றதா என்று பல முறை சோதித்தார். எரிபொருள் பம்பின் சட்டம் முழுத் திறப்பில் இறுகிக் கிடந்தால், தொடங்கிய எஞ்சினை நிறுத்த முடியாது. வேகம் ஏறி ஏறித் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். அவ்வாறு நேர்ந்தால் காற்றுவாயை அடைப்பதற்கென்று ஒரு பலகையைப் பெரியவரின் பேரன் கையில் கொடுத்து நிறுத்தினார். குளிர்நீருக்கு ஒரு பீப்பாயில் நன்னீர் வைத்துக் குழாயை அதனுள் விட்டனர்.

கைப்பிடியால் சுழற்றி நெம்புகோலை விட்டபோது எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது. இரண்டாம் முறையும் அவ்வாறே. நான்காம் முறை ஒரு சிலிண்டர் பற்றியது. எரியாத டீசலின் வெண்புகை கரையை மூடிற்று. சற்று நேரத்தில் மற்றச் சிலிண்டரும் சேர்ந்துகொண்டது. மெக்கானிக்கின் கண் ஒயில் அமுக்கமானியில், பெரியவரின் கண் புகைப்போக்கி வழியே நீர் வருகின்றதா என்பதில். வந்தது, முதலில் செந்நீராக, பின்னர் தெளிவாக. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினார்கள். பக்கத்துக் கொட்டில்களிலிருந்து பலர் ஓடிவந்திருந்தனர். சத்தத்தைக் கேட்டு வந்தோம் என்றனர். கண்ணாடியிழைப் படகின் எஞ்சின் கீச்சிடும். இது தாளம் போடும். போருக்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தத் தாளம் தெரிந்திருந்தது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பழைய எஞ்சினை எழுப்புவானேன் என்று கேட்போர் உண்டு. போர்க்காலத்தில் படகின் குதிரைவலுவுக்கும் கடலுக்குப் போகும் நேரத்துக்கும் வரையறை இருந்தது. 2002 யுத்தநிறுத்தத்தின் பின்னரே அது தளர்ந்தது. அந்த நெருக்கடியில் பழகியவர்களுக்கு, குறைந்த எரிபொருளில் நெடுநேரம் ஓடும் எஞ்சினின் அருமை தெரியும். பின்னர் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரம் வைத்திருந்த பலர் படகைக் கரையில் விட்டனர். டீசலும் மலிவாக இருக்கவில்லைதான். எனினும் அளவாகக் குடிக்கும் எஞ்சின் வைத்திருந்தவர் இடையிடையேனும் கடலுக்குப் போக முடிந்தது.

சம்பூரின் காணிக் கதையும் முடிந்துவிடவில்லை. நிலக்கரி போன இடத்தில் சூரியமின்சக்தி வந்திருக்கின்றது. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, கொழும்பு வந்திருந்த இந்தியப் பிரதமர் 120 மெகாவாட் மின்நிலையத்தின் வேலைகளைக் காணொளி வழியே தொடக்கி வைத்தார். இம்முறையும் செய்திகளில் மெகாவாட் கணக்கே முன்னின்றது. அதில் தவறில்லை. ஆனால் என்னைப் போல் மேசையில் இருந்து எழுதும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓர் ஊர் இடம்பெயர்ந்தது என்று எழுதும்போது, அவர்கள் எதைப் பாதியில் விட்டுப் போனார்கள் என்றும் ஒரு வரி கேட்டு எழுதுங்கள். நெற்கதிரை, தறியை, அடுப்பை, எஞ்சினை. திரும்பி வரும்போது அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

அன்று விடைபெற முன், எஞ்சினை நிறுத்திய கையோடு பெரியவர் கிடங்குக்குள் இறங்கினார். அடித் திருகைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை நீரை வடித்துவிட்டு ஏறினார். நாளைக் காலையே மீண்டும் ஓட்டப் போகிறீர்களே, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"கிடக்கட்டும் ஐயா" என்றார், கையைத் துடைத்தபடி.